நான் கூடாதென்று எழுதிய படம்

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையின் சினிமாப் பக்கத்துக்கு நான் விமர்சனம் எழுதுகிறேன். பிழைப்புக்கு வேலணையில் ஓர் அரச அலுவலக உத்தியோகம் இருக்கிறது. விமர்சனம் சனி ஞாயிறு வேலை. புதுப் படம் வந்தால் பட்டணத்துக்குப் போய்த் தனியாக இருந்து பார்ப்பேன். தோழியின் அறையில் தங்கி, எழுதி அனுப்பிவிட்டு, நயினாதீவுக்குத் திரும்புவேன். மோசமான படத்தைக் கூடாது என்று எழுதுவதில் எனக்கொரு தனிச் சந்தோசம் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்தப் படத்தைப் பற்றி எழுதியபோது வழமையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோசப்பட்டேன். ஒரு பெரிய வீடு, நாலு அண்ணன் தம்பிமார், நடுவில் ஒரு கிணறு. கிணற்றுப் பங்குக்காக மூத்தவனும் இளையவனும் பிரிகிறார்கள். மற்றவர்கள் முறை வைத்து அழுகிறார்கள். கடைசியில் அதே கிணற்றடியில் இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கிறார்கள். இதைச் சொல்ல மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்திருந்தார் இயக்குநர். "முதற் காட்சியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. அந்த முடிவுக்கு வந்து சேர்வதற்குள் கடைசி பஸ் போய்விடும். தீவுப்பகுதி வாசகர்கள் கவனிக்க" என்று எழுதி முடித்தேன். யூடியூப்பில் விமர்சனம் சொல்கிறவர்களும் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள்.

படம் ஓடியது. கிழமைக்கணக்காக ஓடியது. பத்திரிகை ஆசிரியர் எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, நீங்கள் கூடாதெண்டு எழுதின படத்துக்கு எங்கட வீட்டில எல்லாரும் போயிட்டு வந்திட்டினம். மனிசி ரெண்டாந்தரமும் போகப்போறாவாம்" என்று பகிடி விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. சனத்துக்கு ரசனை இல்லை என்று அன்றைக்கு அம்மாவிடம் புறுபுறுத்தேன். அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஏன் இப்படி ஓடுகிறது என்று எனக்குக் கொஞ்சமாவது விளங்கியிருக்க வேண்டும். எங்கள் வீடே படம் பார்க்கிற விதம் அப்படி. அப்பாவுக்கு அம்மன் கோயிலடியில் ஒரு சின்னக் கடை; தேங்காய், கற்பூரம், பூமாலை, பிள்ளைகளுக்கு ஊதுகுழல். மதியப் பூசை முடிந்து சனம் போன பிறகுதான் கடையைப் பூட்டலாம். ஆகவே எங்களுக்கு வாய்க்கிறது பின்னேரக் காட்சி மட்டும். அந்தக் காட்சி முடியும்வரை இருந்தால் குறிகாட்டுவான் துறைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஏலாது. பஸ்ஸை விட்டால் கடைசிப் படகும் போய்விடும். அதனால் படம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே அப்பா எழும்புவார். நாங்களும் எழும்புவோம். இருட்டுக்குள் இன்னும் அங்கங்கே தலைகள் எழும்பும். பட்டணத்துச் சனம் காலை ஒதுக்கி வழிவிடும். "தீவார் வெளிக்கிட்டிட்டினம், இனிப் படம் முடியப்போகுது" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

மிச்சப் படத்தை பஸ்ஸிலும் படகிலும் நாங்களே முடிப்போம். மகள் திரும்பி வருவாள் என்பார் அம்மா. மாமியார் மன்னிப்புக் கேட்பாள் என்பார் முன்கதிரையில் இருக்கிற ஆரோ ஒரு அக்கா. தகப்பனைச் சாகவிடாதேங்கோ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். படகு எங்கள் துறையைத் தொடுவதற்குள் குடும்பம் ஒன்றுசேர்ந்துவிடும். குடும்பப் படம் என்றால் இந்த வசதி உண்டு. ஒருமுறை நான் ஆகா ஓகோ என்று எழுதிய ஒரு துப்பறியும் படத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். கொலை செய்தவன் ஆர் என்று அவர்களுக்குத் தெரியாமலே பாதியில் எழும்பி வந்தோம். எனக்குத் தெரியும், சொல்கிறேன் என்றால் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. முடிவு முன்னமே தெரிந்துவிடுகிறது என்று நான் குறையாக எழுதுவது எங்கள் பஸ்ஸில் ஒரு குறையே இல்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே ஒரு அக்கா. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெடியனைத் தானே விரும்பிக் கலியாணம் செய்தவள். அத்தானின் வீட்டார் தலைமுறையாகக் கடற்றொழில். அவர் மட்டும் பட்டணத்தில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற வேலை. சமயம், தொழில், ஊர் எல்லாம் வேறு என்று அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் யாராவது சமாதானம் பேசியிருக்கலாம். அவர் பேசாமல் இருந்துவிட்டார். அக்காவின் பெயர் எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. பிரஷர் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சாட்டுச் சொல்லி அம்மா பட்டணத்தில் அவளைப் பார்த்துவிட்டு வருவார். அக்காவுக்கு ஒரு மகன் பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டான். அப்பா அவனைக் கண்ணால் காணவில்லை. "இவர் இப்பிடியே இருந்து செத்துப் போனால் அந்தப் பிள்ளைக்கு அம்மப்பாவைப் படத்திலதான் காட்டலாம்" என்று அம்மா ஒருநாள் குசினிக்குள் நின்று சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. போன வருசம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துபோன பிறகு அது கூடிவிட்டது.

என் விமர்சனம் வந்த பத்திரிகையை அப்பா கடையில் இருந்து வாசித்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன்.

"இது உண்மையா அவ்வளவு நீளமோ?"

"ஓம் அப்பா. கொண்டுபோய்ச் சாகடிக்கிறாங்கள்."

"முடியுமட்டும் இருந்தால் கடைசி பஸ் கிடையாதோ?"

"கிடையவே கிடையாது."

பத்திரிகையை மடித்துத் தேங்காய்ச் சாக்குக்கு மேல் வைத்தார். ஒரு கிழமை கழித்து, நாளைக்கு அந்தப் படத்துக்குப் போவோம் என்றார். எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. உலகத்தில் ஒருவர் எழுதியதை அவர் தகப்பனாவது நம்ப வேண்டாமா?

"நான் கூடாதெண்டெல்லோ எழுதினனான்" என்றேன்.

"அதுதான் போவம் எண்டிறன். உமக்கு விருப்பமில்லாட்டி வீட்டில நில்லும்."

நின்றிருப்பேன். ஆனால் நான் எழுதியது சரிதான் என்று இன்னொருமுறை பார்த்து நிச்சயப்படுத்த ஆசையாக இருந்தது.

முதல்முறை தனியாகப் பார்த்த படத்தை இப்போது நிறைந்த தியேட்டரில், கச்சான் கடலைக் கோது காலுக்குள் நெரிய, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்து பார்த்தேன். படம் மாறவில்லை. அதே கிணறு, அதே அழுகை. ஆனால் என்னைச் சுற்றி வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருத்தி தன் தங்கைக்கு, "அப்பிடியே எங்கட சின்ன மாமாவெல்லே" என்றாள். அம்மா இளையவனின் மனைவியைக் காட்டி எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். திரையில் நடிப்புச் சரியில்லாத இடங்களையெல்லாம் சனம் தங்கள் வீட்டு ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டிருந்தது. நான் தனியாக வந்தபோது நிரப்ப ஒருவரையும் கொண்டுவரவில்லை. அப்பா மட்டும் சிரிக்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. இடைவேளையில் எங்களுக்குச் சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

தம்பிக்காரன் ஊரை விட்டுப் போகிற காட்சி வந்ததும் தீவார் எழும்பத் தொடங்கினார்கள். அம்மா பையைத் தூக்கிவிட்டார். அப்பா எழும்பவில்லை.

"இஞ்சாருங்கோ, நேரம் போகுது."

"இரும். முடிவைப் பார்ப்பம்."

"என்ன கதை இது? வள்ளம் போயிடுமெல்லே."

"போகட்டும்."

"ஆடு கட்டாமல் நிக்குது. கத்திச் சாகப்போகுது."

"கத்தட்டும்."

அம்மா என்னைப் பார்த்தார். படகை விட்டால் இரவு எங்கே தங்குவது? என் தோழி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தாள். பட்டணத்தில் எங்களுக்கு இருந்தது ஒரேயொரு வீடு. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா மெல்லப் பையை மடியில் வைத்தார். திரையில் அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் கட்டிப்பிடித்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவேயில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்து வாசலில் நின்றோம். இனி என்ன செய்கிறது என்று அம்மா கேட்டார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி, "மூத்தவளின்ர வீடு உங்கினை கிட்டடியிலதானே" என்றார். அம்மா முன்னே நடந்தார். அந்த வழி அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

அக்கா கதவைத் திறந்தாள். மகன் இடுப்பில் இருந்தான். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள் பின்னால் நின்றவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"படம் முடியப் பிந்திப் போச்சு பிள்ளை" என்றார் அப்பா. "வள்ளம் போயிட்டுது."

"உள்ளுக்கு வாங்கோ அப்பா."

கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், என்ன படம் என்று கேட்டாள். அப்பாவுக்குப் படத்தின் பெயர் நினைவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

அத்தான் வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கண்டு தயங்கி, பிறகு உள்ளே வந்தார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். அது என்ன அதிர்ஷ்டம் என்று சொல்லவா? கலியாணத்தைப் பற்றிப் பேச ஏலாது. வராமல் விட்ட வருசங்களைப் பற்றிப் பேச ஏலாது. கிணற்றைப் பற்றிப் பேசலாம். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடியும்வரை ஐந்து பேரும் அந்தக் கிணற்றைப் பற்றியே பேசினோம். பங்கு யாருக்கு நியாயம், தம்பி போனது சரியா, மனைவிமார் வாயைக் கட்டியிருக்கலாமா. என் விமர்சனத்தில் நான் நாலு வரியில் தூக்கி எறிந்த கதை அது. பிள்ளை அப்பாவின் மடியில் ஏறி, சேட்டுப் பொக்கற்றிலிருந்த பேனையை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன்காரன் முந்தியே வந்து கூப்பிட்டிருக்கலாம்" என்றாள் அக்கா. தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"வந்திருக்கலாம்தான்" என்றார் அப்பா. "அவனுக்கும் ஒரு சாட்டு வேணுமெல்லோ."

எனக்கு அழுகை வந்தது. இரண்டு தரம் பார்த்த படத்தில் ஓரிடத்திலும் வராத அழுகை. தண்ணி எடுக்கிற மாதிரிக் குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்தநாள் காலமை முதற் படகில் திரும்பினோம். துறையிலிருந்து அப்பா நேரே கடைக்குப் போனார். அம்மா ஆட்டை நினைத்து ஓட்டமும் நடையுமாக வந்தார். ஆடு கொட்டிலுக்குள் கட்டியபடி பூவரசங்குழை தின்றுகொண்டு நின்றது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணி. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். ஆட்டைக் கட்டியதற்கு அம்மா நன்றி சொல்ல, அவர் சிரித்தார்.

"அண்ணை நேற்றுக் காலமை கடைக்குப் போகேக்கையே சொல்லிப்போட்டுத்தானே அக்கா போனவர். இண்டைக்கு வரமாட்டம், ஆட்டைக் கட்டிக் குழை வைச்சு விடும் எண்டு. உங்களுக்குத் தெரியாதே?"

அம்மா குசினிப் படியில் இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "கள்ளன்" என்றார். "சரியான கள்ளன்."

நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அப்பா தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய பத்திரிகை இன்னும் சாக்குக்கு மேலேயே கிடந்தது. இத்தனை படம் ஓடும்போது இதற்குத்தான் போகவேண்டும் என்று ஏன் நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"கடைசி பஸ் போயிடும் எண்டு நீர்தானே எழுதினனீர்."