கேட்காமல் நிரப்பிய ஒரு கட்டம்

1. டெல்லிக் கடிதம்

டெல்லியிலுள்ள கனடா தூதரகத்திலிருந்து அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11.20க்கு வந்தது. நேரம் என் டைரியில் இருக்கிறது. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். அப்படி ஒரு கடிதம் வருவதற்குக் காரணமானவளும் நான்தான் என்பது உறையைப் பிரித்துப் படித்த பிறகு தெரிந்தது.

விருத்தாசலத்தில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் வக்கீல் ஆபீஸ் இருந்தது. டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த நான், இரண்டாயிரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை மட்டும் பார்த்துக்கொண்டேன். சீனியர் வக்கீல் சிவில் வழக்குகளைப் பார்ப்பார். எங்கள் ஊரில் செராமிக் (பீங்கான் தொழில்) டிப்ளமோ முடித்துவிட்டு வெளிநாடு போனவர்களின் மனைவிமார் பின்னாலேயே போக வேண்டியிருந்ததால் என் மேஜைக்கு எப்போதும் ஆள் இருக்கும். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால், என் தவறு ஒன்றை அது நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பரிமளா, வயது 23, பிளஸ் டூ. அப்பா தனபால் தொழிற்பேட்டையில் மீட்டர் போர்டில் ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் கேரியர் செய்யும் சின்ன யூனிட் வைத்திருந்தார். பரிமளாவின் கணவர் குமரவேல் கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆர். பெற்றவர். லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு ஆறு வாரத்தில் திரும்பிப் போய்விட்டார். மனைவியை அழைத்துக்கொள்ள அவர் அங்கே ஸ்பான்சர் மனு போட்டிருந்தார். இங்கிருந்து போக வேண்டிய பரிமளாவின் விண்ணப்பத்தைத் தயாரித்தது நான்.

கடிதத்தின் சாரம் இது: கணவருக்கும் உங்களுக்கும் இரத்த உறவு உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் தந்திருக்கிறீர்கள். குமரவேல் முன்பு தனியாளாகக் கனடா வர விண்ணப்பித்தபோது தன் அக்காவின் பெயர் கலாவதி என்று எழுதி, பிறந்த தேதியும் கொடுத்திருக்கிறார். உங்கள் தாயின் பெயரும் பிறந்த தேதியும் அவையேதான். முப்பது நாட்களுக்குள் விளக்கம் தரவும். பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். இரண்டு ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

ஆபீஸ் காப்பியை எடுத்துப் பார்த்தேன். கல்யாண ஃபோட்டோக்களுக்கு நானே எண் போட்டு, கீழே ஆங்கிலத்தில் குறிப்பு டைப் அடித்து அனுப்பியிருந்தேன். பதினான்காம் எண் படத்தில் கலாவதி குனிந்து தாலியின் மூன்றாவது முடிச்சைப் போடுகிறார். அது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போடும் முடிச்சு. குமரவேலுக்கு ஒரே அக்கா. வேறு யார் போடுவார்கள்? நான் அந்தப் படத்துக்குக் கீழே ‘மணமகளின் தாய் ஆசி வழங்குகிறார்’ என்று எழுதியிருந்தேன்.

பரிமளா கட்டிக்கொண்டது தாய்மாமனை.

2. தவறு எப்படி நேர்ந்தது

ஆங்கில ஃபார்மை எல்லாருக்கும் வரிக்கு வரி விளக்க நேரம் இருக்காது. அதனால் அதன் கேள்விகளைத் தமிழில் டைப் அடித்து ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தேன். மனுதாரர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வருவார். நான் அதைப் பார்த்து ஃபார்மில் அடிப்பேன். பிறகு கையெழுத்துக்கு உரிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைப்பேன். அவர்கள் குறியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். வேலை வேகமாக நடக்கிறது என்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பரிமளாவின் விண்ணப்பம் முதல் தடவை ‘ஃபார்ம் பழையது, புதியதில் அனுப்பவும்’ என்று திரும்பி வந்தது. பதிப்பு மாதம் ஃபார்மின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்; நான் கவனிக்கவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் புதியதை பிரிண்ட் எடுத்தேன். பழைய பதில்களை அதில் மாற்றி அடித்தபோது ஒரே ஒரு கட்டம் மீந்தது. அதுதான் இரத்த உறவு பற்றிய கேள்வி. பழைய ஃபார்மில் அது இல்லை. ஆகவே என் தமிழ்க் கேள்வித்தாளிலும் இல்லை.

கட்டத்தைக் காலியாக விட்டால் மறுபடி திருப்பி அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீடு சேத்தியாத்தோப்பு, பெண் வீடு விருத்தாசலம். அப்பா பெயர்களிலும் உறவு தெரியவில்லை. மாலை கூரியரில் போயாக வேண்டும். பரிமளாவின் வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் போடவில்லை. ‘இல்லை’ என்று அடித்தேன். பரிமளா நாலு மணிக்கு வந்து குறி போட்ட ஐந்து இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

3. குடும்பம் வந்தது

மறுநாள் பரிமளாவும் அப்பா, அம்மாவும் வந்தார்கள். கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லி, தவறு என்னுடையது என்பதையும் சொன்னேன். தனபால் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கையோடு ஒரு யோசனை கொண்டுவந்திருந்தார்.

“மெட்ராஸ்ல ஒரு ஏஜென்ட்ட ஃபோன்ல கேட்டேன் மேடம். ஒரே பேருல ரெண்டு பேரு இருக்கறது சகஜம், அந்தக் கலாவதி வேற, இந்தக் கலாவதி வேறன்னு எழுதிடுங்கன்றாரு. பொறந்த தேதிக்கு அவரே வேற சர்ட்டிபிகேட் ஏற்பாடு பண்ணுவாராம்.”

கலாவதி கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, என் தம்பிய என் தம்பி இல்லன்னு எழுதணுமா? அவன இடுப்புல தூக்கினு திரிஞ்சவ நானு.”

“பேப்பருலதான் இல்லம்போம். வூட்டுல யாரு இல்லன்னது?”

“காலம் பூரா ஃபியூஸு செய்றீங்க. எங்க தொட்டா ஷாக் அடிக்கும்னு தெரியல உங்களுக்கு.”

பரிமளா சிரித்துவிட்டாள். உடனே கண் கலங்கியது. “அக்கா, உறவுதான்னு ஒத்துக்கினா என்னை வுட மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

அது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

4. சீனியர்

சீனியர் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து இந்து திருமணச் சட்டத்தை எடுத்தார். ஐந்தாம் பிரிவைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். விலக்கப்பட்ட உறவுக்குள் திருமணம் கூடாது; இரு தரப்பின் வழக்கமும் அனுமதித்தால் கூடும். “தாய்மாமன் கல்யாணம் இந்த வழக்கத்துலதான் நிக்குது விஜயா. இங்க செல்லும். அங்க செல்லுமான்னு அந்தப் பையனையே அங்க ஒரு வக்கீலப் பார்க்கச் சொல்லு.”

குமரவேல் வெள்ளிக்கிழமை பேசினார். அந்த நாட்டுச் சட்டத்தில் தடை பெற்றோர், பிள்ளை என்ற நேர் வம்சத்துக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மட்டும்தான் என்று அங்குள்ள வக்கீல் சொல்லியிருக்கிறார். அதாவது, ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அவளை ஆபத்தில் நிறுத்தியிருந்தது உறவு அல்ல, நான் அடித்த ‘இல்லை’தான்.

அடுத்து, ‘இல்லை’ என்று அடித்தது எப்படி என்று நான் சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய அஃபிடவிட். சீனியர் சொன்னார், “டைப்பிங் பிழைன்னு போட்டுடு. ஒரு வரியில முடிஞ்சிடும்.”

“டைப்பிங் பிழை இல்ல சார். கேக்காமலே நானா முடிவு பண்ணி அடிச்சேன்.”

“அதை என் லெட்டர்ஹெட் போற கவர்லயே அனுப்பணுமா? நாளைக்கு எவன் உன்ன நம்பி ஃபார்ம் குடுப்பான்?”

“டைப்பிங் பிழைன்னா, சரியான பதில் என் கேள்வித்தாள்ல இருந்திருக்கணும். கேள்வித்தாளை அனுப்புன்னு கேட்டா, அதுல அந்தக் கேள்வியே இல்ல சார்.”

அவர் கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். “சரி, அடிச்சுக் கொண்டா. கவரிங் லெட்டர்ல கையெழுத்துப் போடறேன். ஆனா நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்.”

5. வழக்கத்துக்குச் சாட்சி

அக்காள் மகளைக் கட்டுவது வழக்கம் என்று சொன்னால் போதாது; காட்ட வேண்டும். இரு தரப்புச் சொந்தத்திலும் அப்படிக் கல்யாணம் செய்தவர்களின் அஃபிடவிட் வேண்டும் என்றார் சீனியர். தன் பக்கத்தில் வேப்பூரில் ஒரு குடும்பம், மாப்பிள்ளை பக்கத்தில் சேத்தியாத்தோப்பில் ஒரு குடும்பம் என்று தனபால் சொன்னார். நானும் கலாவதியும் பஸ்ஸில் போனோம்.

வேப்பூரில் அரை மணியில் வேலை முடிந்தது. சேத்தியாத்தோப்பில் இருந்தவர் குமரவேலுக்குப் பெரியப்பா முறை, எழுபது வயது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவாமலே வந்து நின்றார்.

“அக்கா பொண்ணக் கட்னதுக்கு அத்தாட்சியா? ஊரே சாப்ட்டுட்டுப் போச்சே, அது பத்தாதா?”

உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “எழுதினு போங்கம்மா. மாமன்தானேன்னு கழுத்த நீட்டிட்டு நான் பட்ட பாட்டயும் சேத்து எழுதினு போங்க.”

“அதுக்கு ஒரு பேப்பரு பத்தாதுடி.”

“அப்ப ரெண்டா எழுதட்டும்.”

இருவரும் அடுத்த நாள் பஸ் ஏறி வந்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொன்னேன். அம்மாள் ஒரு இடத்தில் நிறுத்தி, கல்யாணம் ஆனது வைகாசி, நீங்கள் எழுதியிருப்பது ஆனி என்று திருத்தினார். கையெழுத்துக்கு முன் உட்கார வைத்துப் படித்துச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. முதல் தடவையே ஒரு பிழை அகப்பட்டது.

இருபத்து மூன்றாம் நாள் பதில் போயிற்று. என் அஃபிடவிட், பரிமளாவின் விளக்கம், வழக்கத்துக்கான இரண்டு அஃபிடவிட், சட்டப் பிரிவின் நகல், பதினான்காம் எண் படம் சரியான குறிப்போடு. இத்தனை பேர் முன்னால் அக்காளே முடிச்சுப் போட்ட கல்யாணத்தில் மறைக்க என்ன இருக்கிறது என்று கவரிங் லெட்டரில் சீனியரே ஒரு வரி சேர்த்தார்.

6. நேர்காணல்

பதிலுக்குப் பதில், பரிமளாவை டெல்லிக்கு நேரில் வரச் சொல்லி ஒரு தாள் வந்தது. அப்பாவும் மகளும் ரயிலில் போனார்கள். திரும்பி வந்த அன்றே, பெட்டியோடும் அப்பாவோடும் ஆபீஸுக்கு வந்துவிட்டாள்.

“என்ன கேட்டாங்க?”

“கேள்வி கேட்டது ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்துல தமிழ்ல சொல்றதுக்கு ஒருத்தரு. உங்க வூட்டுக்காரரு உங்களுக்கு என்ன உறவுன்னாங்க. எங்கம்மாவோட தம்பின்னேன். இத ஏன் முன்னாடியே சொல்லலன்னாங்க. நீங்க கேட்டதே எனக்குத் தெரியாதுங்கன்னேன்.”

“அப்படியேவா சொன்ன?”

“அதானேக்கா நெஜம். டைப் அடிச்சவங்க, தப்பு என்னுதுன்னு எழுதியிருக்காங்களேன்னு கேட்டாங்க. அடிச்சது அவங்க, கையெழுத்து என்னுது, படிக்காம போட்டது என் தப்புன்னேன். அந்தம்மா சிரிச்சிட்டாங்க. இங்க வர்றவங்க எல்லாம் தப்ப அடுத்தவங்க மேல தள்ளுவாங்க, நீங்க ரெண்டு பேரும் எனக்கு எனக்குன்னு கேக்கறீங்களேன்னாங்க.”

தனபால் குறுக்கிட்டார். “என்னை வெளிய உக்கார வெச்சுட்டாங்க மேடம். டெல்லி குளுருல எனக்கு வேர்வை. அந்த ஏஜென்ட் பேச்ச மட்டும் கேட்டிருந்தா அங்கியே மாட்டியிருப்போம்.”

“அப்புறம் எங்க வூட்டுக்காரருக்குப் புடிக்காதது என்னன்னு கேட்டாங்கக்கா. கத்திரிக்கான்னேன். எப்ப இருந்து தெரியும்னாங்க. எனக்கு நாலு வயசு இருக்கச் சொல்ல, அவரு தட்டுல இருந்த கத்திரிக்காயெல்லாம் என் தட்டுலதான் தள்ளுவாருன்னேன். அத மட்டும் வேகமா எழுதிக்கிட்டாங்க.”

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவைத் தபாலில் சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

7. இரண்டு வரி

ஐந்து வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் என் தமிழ்க் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டேன். பென்சில் குறியையும் நிறுத்தினேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அன்றைக்கே ஃபார்மை எடுத்து, கீழ்மூலை மாதத்தைப் பார்த்து, மனுதாரரை எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுத் தமிழில் கேட்டு அடித்தேன். ஒரு நாளைக்கு நாலு விண்ணப்பம் முடித்த இடத்தில் இரண்டுதான் முடிந்தது. விதி மாறினால் நம் வேலைமுறையும் அன்றே மாற வேண்டும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அடுத்தவர் வாழ்க்கை பற்றிய கட்டத்தை நாமாக நிரப்பக் கூடாது. இந்த வேலையில் நான் கற்றது இதுதான்.

பாஸ்போர்ட் ஒரு வியாழக்கிழமை ஆபீஸ் முகவரிக்கு வந்தது. நான் பிரிக்கவில்லை. ஃபோன் செய்தேன். இருபது நிமிஷத்தில் மூவரும் படியேறி வந்தார்கள். தனபாலின் சட்டையில் பீங்கான் மாவு அப்படியே இருந்தது.

பரிமளா உறையைப் பிரித்துப் பக்கங்களைப் புரட்டினாள். விசா ஒட்டியிருந்தது. கலாவதி சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனபால் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டை என் மேஜையில் வைத்து, விசாவின் முதல் வரியில் விரலை வைத்தாள். பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறந்த தேதியைப் படித்தாள். பாஸ்போர்ட் எண்ணை முன்பக்கத்தோடு ஒப்பிட்டாள். ஒரு வார்த்தைக்கு என்னிடம் அர்த்தம் கேட்டாள், சொன்னேன்.

“போதும் குடுடி, நானும் பாக்கறேன்,” என்றார் தனபால்.

“இருப்பா,” என்றாள் விரலை எடுக்காமல். “இன்னும் ரெண்டு வரி இருக்குது.”