சீட்டுக்குள் பனியன் வேஸ்ட்

பழைய ரேஸ் கார்களுக்கான பந்தயம் அது. அசல் வண்டி மட்டும்தான் ஓடலாம். லண்டனிலிருந்து வந்த அசல் என்று எங்கள் பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்திருந்த காரை, ஒரு போட்டோவைப் பார்த்துத் திருப்பூரில் தகரம் தட்டி உருவாக்கியவன் நான்.

பரிசோதகர் எஞ்சினைப் பார்த்தார், சேஸிஸைத் தடவினார். கடைசியில் சீட்டில் தையல் விட்ட இடத்தில் விரலை நுழைத்து இழுத்தார். பஞ்சுக்குப் பதிலாக நான் திணித்திருந்த பனியன் வேஸ்ட், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கழிவுத் துணி, கொத்தாக வந்தது.

"ஏனுங்க, லண்டன்லயும் நம்மூரு பனியன் வேஸ்ட்தானுங்களா?"

முதலாளி சட்டென்று என்னைக் காட்டினார். "சீட்டு மட்டும் இவன் வேலைங்க. வண்டி அசலுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சீட்டு மட்டும் இல்லீங்க," என்றேன். "முழு வண்டியும் என் வேலைதானுங்க."