ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கிய படகு

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். காலண்டர் சீசன் முடிந்ததும், வெம்பக்கோட்டை அணையில் மீன் பிடிப்பதற்காகப் பழைய கயாக் படகு ஒன்றைத் தேடினேன். ஒரே ஆள் உட்காரும் பிளாஸ்டிக் படகு. புதிது வாங்க என் சம்பளம் போதாது.

விருதுநகரில் ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டு, லோடு வண்டி ஓட்டும் என் மனைவியின் தம்பியோடு போனேன். படகின் அடியில் நீளமாக ஒரு சுறா ஸ்டிக்கர். நான்கு கலரும் மயிரிழைகூட விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருந்தன; எங்கள் தொழிலில் இதைத்தான் ‘ரிஜிஸ்டர்’ என்போம். நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தான், தண்ணியில போட்டுப் பாத்துட்டு வாங்குவோம்” என்றான் மைத்துனன்.

“இங்கன தண்ணிக்கு எங்க போக? நம்பி எடுத்துட்டுப் போங்க, அண்ணாச்சி” என்றார் விற்றவர்.

“ரிஜிஸ்டர் அருமையா இருக்குலே” என்று மைத்துனனை அடக்கிவிட்டு வாங்கினேன்.

அணையில் கொஞ்ச தூரம் போவதற்குள் படகுக்குள் தண்ணீர் ஏறி, ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தேன். மைத்துனன் நீந்தி வந்து இழுத்துப் போட்டான். கரையில் ஸ்டிக்கரைப் பிய்த்தால், அடியில் பசை பூசி மறைத்த விரல் நீள விரிசல்.

மைத்துனன் ஸ்டிக்கரை வெயிலில் பிடித்துப் பார்த்தான். “இப்பவும் ரிஜிஸ்டர் அருமையாத்தான் இருக்கு, அத்தான்.”

விற்றவரைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம். இப்போது பழைய படகு பார்க்கப் போனால், உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்க்கிறேன். அதற்கும் முன்னால், ஒட்டியிருப்பதைப் பிய்க்கச் சொல்கிறேன். அச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம்.