ஆட்டிட்யூட் அக்காவின் கேள்விகள்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார். நேற்று அதிகாலை. நெஞ்சுவலி... சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்.

கிள்ளை ரோட்டில் அவர் வீட்டில் லேப்ரடார் குட்டி வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். கேட்டும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் இரண்டு கூட்டத்திலும் இருந்தவள்.

குட்டி வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். 'பிஸ்கட் புள்ளைங்க'. பிஸ்கட்தான் அத்தனை குட்டிகளுக்கும் அம்மா. இப்போது ஒன்பது வயது. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும்.

நேற்று அந்தக் குரூப்பில் முதலில் வந்தது சாவுச் செய்தி. அடுத்து வந்தது ஒரு கேள்வி. பிஸ்கட்டை இனிமேல் யார் பார்த்துக்கொள்வது?

பதில் போடாமல் கிளம்பிவிட்டேன்.

முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடலூரிலிருந்து பஸ். கையில் புது பெல்ட், புது கிண்ணம். குட்டிதான் பாக்கி.

"வீடு சொந்தமா, வாடகையா?"

"வாடகைக்கா."

"ஓனருக்குத் தெரியுமா?"

"சொல்லிக்கலாம்..."

"எத்தன மணிக்கு வேலைக்குப் போற?"

"எட்டு மணிக்கு. வர ஏழாயிடும்."

"அதுவரைக்கும் குட்டி என்னா பண்ணும்? டிவி பாக்குமா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "குட்டி இருக்கு பாப்பா. ஒனக்கு இல்ல."

அன்றைக்கு அவர் எனக்கு பிஸ்கட்டைக் காட்டினார். குட்டிகள் தூங்கும் அறையைக் காட்டினார். தடுப்பூசி நோட்டைக் காட்டினார். எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. அவமானம் மட்டும்தான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸிலேயே எங்கள் ஊர் நாய் வளர்ப்பவர்கள் குரூப்பில் எழுதினேன். "அந்தம்மாவுக்கு செம ஆட்டிட்யூட். போலீஸ் மாதிரி விசாரிக்கிறாங்க. யாரும் போகாதீங்க." நிறைய ஹாஹா விழுந்தது.

அந்த வாரமே ஆன்லைனில் ஒரு விளம்பரம். ஃபோனில் அந்த ஆள் அவ்வளவு மரியாதை.

"வீட்டுக்கெல்லாம் எதுக்கு மேடம் அலையறீங்க? நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து தரேன்."

"அம்மா நாயைப் பாக்கலாமா?"

"அது ஊர்ல இருக்கு மேடம். போட்டோ அனுப்புறேன்."

என்னைப் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பிடித்திருந்தது.

ஆப்பிள் அட்டைப்பெட்டிக்குள் வந்தது குட்டி. நாற்பத்தைந்து நாள் என்றார் அவர். பல்லைப் பார்த்த டாக்டர், ஒரு மாதம்கூட ஆகியிருக்காது என்றார். நான்காம் நாள் வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்ற வைரஸ் தொற்று. ஆறாம் நாள் குட்டி இல்லை. அந்த ஆளின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. ஜெசிந்தா அக்காவுக்கு ஃபோன் செய்தேன். ஏன் அவருக்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

'நான்தான் அன்னைக்கே சொன்னேனே' என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"தரைய ப்ளீச்சிங் போட்டு நல்லா கழுவு. அந்தக் கிண்ணத்த தூக்கிப் போட்டுடு. கொஞ்ச மாசத்துக்கு வேற குட்டி எதுவும் உள்ள கொண்டாராத, அதுக்கும் ஒட்டிக்கும்."

பிறகு...

"பேரு வெச்சிட்டியா?"

"மினி."

"ம்... மினி," என்றார். வைத்துவிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் ஃபோன் அடித்தது.

"ஆட்டிட்யூட் அக்கா பேசறேன். இப்ப எத்தன மணிக்கு வேலைக்குப் போற?"

அந்தப் பதிவைப் படித்திருக்கிறார்! எத்தனை நாளாகத் தெரியுமோ. அப்போது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "இப்ப வீட்லேர்ந்துதான் வேலைக்கா," என்றேன். "எத்தனை குட்டி?" என்றேன்.

பிஸ்கட் கடைசியாகப் போட்ட குட்டிகள் அவை. அதற்குப் பிறகு, "போதும், அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா?" என்று நிறுத்திவிட்டார்.

ஓனர் கையெழுத்துப் போட்ட லெட்டரோடு போனேன். இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் குட்டியை, என் சுண்டலை, தந்தார். கூடவே அவருடைய பழைய நைட்டியில் கிழித்த ஒரு துண்டு. பிஸ்கட் படுத்திருந்த துணி. அம்மா வாசம் இருந்தால் புது வீட்டில் குட்டி அழாது. எல்லோருக்கும் ஒரு துண்டு கிழித்துத் தருவார்.

ஒரு தாளிலும் கையெழுத்து வாங்குவார். "வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே கொண்டுவந்து விடவும். எத்தனை வயதானாலும் சரி."

பிஸ்கட்டுக்காக அப்படி ஒரு தாளை யாரிடமும் எழுதி வாங்காமல் போய்விட்டார்.

நேற்று நான் போனபோது பிஸ்கட்டைப் பின்பக்கம் கட்டிப்போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். துணி காயப்போடும் கயிறு. அக்கா நாயைக் கட்டிவைப்பவரில்லை; கட்டுவதற்கு அந்த வீட்டில் வேறு எதுவும் இருந்திருக்காது.

அடக்கம் முடிந்தது. அக்காவின் தம்பி மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்தார். பிஸ்கட்டை நான் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன்.

"கூட்டிட்டுப் போம்மா. நமக்கு நாயின்னாலே ஆவாது."

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

கயிற்று முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து அவிழ்த்துக்கொண்டே சொன்னேன். "வாடகை வீடுதாங்க்கா. ஓனருக்குத் தெரியும். நாள் முழுக்க வீட்லதான் இருப்பேன். டாக்டர் அடுத்த தெருவுல. வயசான நாய்னு தெரியும்..."

"யார்கிட்டம்மா பேசற?" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்லண்ணா."

பிஸ்கட் இப்போது என் வீட்டில். என் சுண்டல் மூன்று வருடமாக விடாமல் வைத்திருக்கும் நைட்டித் துண்டை எடுத்து விரித்தேன். பிஸ்கட் முகர்ந்து பார்த்தது. அதன்மேல் படுத்துவிட்டது. சுண்டல் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

அந்தப் பழைய பதிவு இன்னும் அந்தக் குரூப்பில் இருக்கிறது. அழிக்கவில்லை. அதன் கீழே இப்போதுதான் எழுதினேன். "குட்டி வாங்குகிறவர்கள், உங்களை இப்படி விசாரிக்கிறவரிடமே போங்கள்."

போயிட்டு வாங்கக்கா. பிஸ்கட் சாப்பிட்டுவிட்டது.