பாடை நுழையாத நடைபாதை

எங்கள் ஆற்றங்கரை நடைபாதையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, பாதிப் பந்தியாக இருந்தாலும் சரி. உட்கார்ந்திருந்தால் என் வாய் சும்மா இருக்காது. அப்புறம் அந்த வீட்டோடு போக்குவரத்து அற்றுப்போகும். என் மனைவி இதற்குப் பயந்தே என்னை விசேஷங்களுக்குக் கூட்டிப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

பாதைக்கு நான் எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கட்டமாக டவுனுக்குள் போட்டார்கள். கருவேல முள்ளும் கோழிக்கழிவுமாக நாறிக் கிடந்த கரையைச் சுத்தம் செய்து, கல் பதித்து, சோலார் விளக்கு வைத்தார்கள். இரண்டாம் கட்டம் எங்களுக்கு முந்தின ஊர் வரை நீண்டது. நீடாமங்கலம் ரோட்டில் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்த பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இப்போது கரையோடு சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லிச் சொல்லி வாங்கிப் பார்த்தான். அங்கே ஊர் முழுக்க இப்படித்தானாம், நம்ம ஊருக்கும் விடிவுகாலம் வந்துவிட்டதாம். அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். பக்கத்து ஊருக்கு ஆட்டோவில் போய், அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடப்பாள். அவ்வளவு நல்ல தரையில் செருப்பைத் தேய்ப்பானேன் என்பாள். நம் ஊருக்கு எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வந்தது. மூன்றாம் கட்டம் எங்கள் ஊர். பாலத்தடியில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பூமி பூஜை நடந்தது. திட்டத்துக்கு எஞ்சினியராக வந்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். வேலை தொடங்குமுன் ஊர்க்காரர்கள் ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்லலாம் என்றார். நான் எழுந்தேன்.

எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போகும் வழி அந்தக் கரைதான். தெருவுக்குத் தெரு சுடுகாடு வேறு, ஆனால் வழி எல்லாருக்கும் ஒன்று. கரைக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். மழைக்காலத்தில் வயலில் இறங்கினால் முழங்கால் வரை சேறு. இதைத்தான் சொல்ல எழுந்தேன். சுடுகாடு என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் பந்தலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“மஞ்சக் குங்குமம் வெச்சிருக்குற எடத்துல என்னடா பேச்சு இது? உக்காரு.”

எஞ்சினியரும் சிரித்துக்கொண்டே, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், நல்ல நேரம் முடியப் போகிறது என்றார். தேங்காய் உடைத்தார்கள். நான் ஏதோ சாபம் விட்ட மாதிரி ரொம்பப் பேர் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்றுகூடச் சொல்ல மாட்டோம், ‘போயிட்டு வரேன்’ என்போம். அப்படிப்பட்ட ஊரில் நல்ல காரியத்தன்று சாவைப் பற்றி யார் வாயைத் திறப்பார்கள்? திறந்தவனையும் உட்கார வைத்தாயிற்று. சுடுகாட்டு வழியில் போடுகிற பாதைக்கு, சுடுகாடு என்ற பேச்சே இல்லாமல் திட்டம் போட்டு முடித்தார்கள்.

பாதை நன்றாகவே வந்தது. வயல் பக்கம் கம்பி வேலி, ஆற்றுப் பக்கம் சுவர், நடுவில் வழவழவென்று தரை. திறந்த கொஞ்ச நாளிலேயே பையன்கள் அதில் பைக் ஓட்டிப் பந்தயம் விட்டார்கள். நடக்கிறவர்கள் புகார் சொன்னார்கள், அதுவும் நியாயம்தான். அதற்காகப் பாலத்தடியில் ஒரு கேட் வைத்தார்கள். கோயில் வரிசையில் வளைத்து வளைத்து விடுவார்களே, அதே மாதிரி ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாய். அதற்கு மேல் ஊர்ப் பெயர் எழுதிய வளைவு. நடக்கிறவர் வளைந்து வளைந்து போகலாம், சைக்கிளை ஒடித்து ஒடித்துத் தள்ளலாம். நேராக, நீளமாக எதுவும் போகாது.

கேட் வந்த அன்றே சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். “உங்க பாடை இதுல எப்படிப் போவும், பாத்துச் சொல்லுங்க சித்தப்பா” என்றேன். அவர் அதற்கப்புறம் வெகுநாள் என்னோடு பேசவில்லை. டவுனில் இருந்த திட்டத்து ஆபீசுக்கும் போய்ச் சொன்னேன். போல்ட் போட்டுத்தான் மாட்டியிருக்கிறது, தேவைப்பட்டால் கழற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

ஐப்பசியில் அம்மா போய்விட்டாள், கேட் வந்தபின் ஊரில் விழுந்த முதல் சாவு. காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவள், அவ்வளவுதான்.

தம்பி வரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் திருச்சியில் இறங்கி டாக்சியில் வந்து சேர்ந்தான். வானம் மூடிக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள். அம்மாவானாலும் எங்களில் மூத்தவனுக்குத்தான் கொள்ளி, நான் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். எங்கள் தெரு வழக்கத்தில் கொள்ளிச்சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தூக்கிய பாடையும் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது. கரையில் பாதி வழியில் ஒரு அரசமரம் இருக்கிறது. அங்கே ஒரு தடவை இறக்கித் திசை மாற்றித் தூக்குவார்கள். வேறு எங்கே இறக்கினாலும் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

பாலத்தடிக்கு வந்தோம். அப்பாவால் அதற்கு மேல் நடக்க முடியாது, அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாய்களுக்குள் வளைந்து வளைந்து போய் மறுபக்கம் நின்றேன். எனக்குப் பின்னால் தப்பு அடிக்கிற சத்தம் நின்றது.

திரும்பக் கூடாது. அதனால் நான் எதையும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டேன். ஸ்பேனர் கொண்டு வரச் சொல்லி யாரோ ஓடினார்கள். கொஞ்ச நேரம் இரும்போடு மல்லுக்கட்டும் சத்தம். அப்புறம் ஒருவன், “போல்ட்டு எங்கடா இருக்கு, வெல்டு வெச்சிட்டானுவ” என்றான். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆபீசுக்குப் போன் போட்டார்கள். காலையில் ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்ததாம். காலை வரைக்கும் அம்மாவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமா? என் எதிரே டவுன்காரர் ஒருவர் நடந்து வந்தார், காலில் விலையுயர்ந்த ஷூ. சட்டியைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார். சற்றுப் பொறுத்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். கையிலிருந்தது அம்மாவுக்கான நெருப்பு. இல்லாவிட்டால் அதை அவர் மேலேயே போட்டிருப்பேன்.

தூறல் விழ ஆரம்பித்தது. பின்னால் பேச்செல்லாம் அடங்கி, கயிறு அவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அரசமரம் இன்னும் தூரத்தில் இருந்தது. அம்மாவை அந்தக் கேட் வாசலில் இறக்கிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அப்புறம் தம்பியின் குரல் கேட்டது. “அம்மா, தலையப் பாத்துக்கம்மா. கொஞ்சம் குனிஞ்சுக்க.”

அவன் ஒருவனாகவே அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தக் குழாய்களுக்குள் வளைந்து வளைந்து வந்தான். பாடையைப் பிரித்து, மூங்கிலை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் நீட்டி, மறுபடியும் கட்டினார்கள். கட்டி முடிக்கும் வரை அவன் அம்மாவைக் கீழே வைக்கவே இல்லை. எனக்குப் பின்னால் அவன் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. வாட்ஸப்பில் படம் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே தம்பிதான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அவ்வளவையும் பார்த்திருக்கிறார். மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “என்னய எறக்காம கொண்டு போயிடுங்கடா” என்றார். அதற்கப்புறம் தினம் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு பாலத்தடிக்குப் போவார். ஒரு குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார். சோறு இறங்கவில்லை அவருக்கு. தம்பி சிங்கப்பூர் கிளம்பும்போது பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, “அப்பாவுக்கு முன்னாடி அதை எடுத்துடுண்ணே” என்றான்.

எடுக்கச் சொல்லி நான் எத்தனை தடவை ஆபீஸ் படி ஏறினேன் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் ஆள் வந்தான். கேட்டை எடுக்க அல்ல, பக்கத்தில் ஒரு போர்டு நட. இறுதி ஊர்வலங்கள் பிரதான சாலை வழியாகச் செல்ல வேண்டும் என்று பச்சையில் வெள்ளை எழுத்து. பிரதான சாலையிலிருந்து சுடுகாட்டுக்கு வழியே கிடையாது. பிணம் பறந்து போகுமா? அதை எழுதினவன் எங்கள் ஊரை ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருப்பானா? போர்டைப் பிடுங்கி ஆற்றில் எறியப் போனேன், என் மனைவிதான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தை பிறந்து அறுவடை நேரம். நான்காம் கட்டம் அடுத்த ஊருக்குப் போகிறது என்று பேச்சு வந்தது. ஒரு நாள் காலை அப்பாவும் நானும் பாலத்தடிக்குப் போனபோது அந்த எஞ்சினியரும் காண்ட்ராக்டரும் டேப்பைப் பிடித்துக் கேட்டை அளந்துகொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். இந்த மாடல் நன்றாக அமைந்துவிட்டது, அடுத்த ஊரிலும் இதையே வைக்கப் போகிறோம் என்றார் காண்ட்ராக்டர்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அம்மாவை இறக்கின கதையை முழுக்கச் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்துக் கத்தினேன். எஞ்சினியர் வருத்தப்படுகிறேன் என்றார். இப்போதெல்லாம் அமரர் ஊர்தி இருக்கிறதே என்றும் மெல்லச் சொன்னார்.

“சார், நீங்க ஒரு நிமிஷம் கீழ படுங்க” என்றேன். “நாங்க நாலு பேரு உங்களத் தூக்குறோம். இதுக்குள்ள வளைச்சு அந்தப் பக்கம் கொண்டு போயிட்டா, அப்புறம் நான் வாயத் தொறக்கல.”

காண்ட்ராக்டர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எஞ்சினியர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். காலங்காத்தால இப்படிப் பேசலாமா என்றார். அதே பேச்சு. பந்தலில் கேட்ட அதே பேச்சு.

நான் அடுத்ததைச் சொல்வதற்குள் அப்பா கம்பை வேலியில் சாய்த்து வைத்தார். தோளிலிருந்த துண்டை உதறிக் கேட் வாசலில் விரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்தார். கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டார்.

“அவரு எதுக்கு? நான்தானே போவப் போறேன்” என்றார். “அளந்துக்குங்க தம்பி.”

நான் அவரைத் தூக்கப் போனேன், விடு என்று அதட்டினார். எஞ்சினியர் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் தலைமாட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். டேப்பை இழுத்தார். அவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. கால்மாட்டில் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த காண்ட்ராக்டர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அளந்து முடித்ததும் நான்தான் அப்பாவைத் தூக்கி நிறுத்தினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எஞ்சினியரைக் கூப்பிட்டார். “அடுத்த ஊருல என்னயவிட ஒசரமான ஆளுங்க இருக்காங்க தம்பி. கொஞ்சம் கூடவே வெச்சுக்குங்க.”

அந்த வாரமே கட்டிங் மெஷினோடு வந்து நடுக்குழாய்களை அறுத்து நேராக வழி விட்டார்கள். போர்டையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஊருக்கு வேறு மாதிரிக் கேட். அப்பா இப்போது பாலத்தடிக்குப் போய் எதையும் ஆட்டிப் பார்ப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ஊரில் எல்லாரும் அதான் சரி செய்துவிட்டார்களே, இன்னும் என்ன என்று என்னைக் கேட்கிறார்கள். பூமி பூஜை அன்று இரண்டு வார்த்தை என்னைப் பேச விட்டிருந்தால் எங்கள் அம்மா அரசமரம் வரைக்கும் இறங்காமல் போயிருப்பாள்.