நாற்பது ‘ஏபிள்’ சொற்களும் என் மகளும்

மகள் கதறி அழுதபோது, அவளைத் தூக்கக் கை நீளுவதற்கு முன்னால் எனக்கு ஏன் ஓர் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்தது? நான்கு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தேன். இங்கிலாந்தில் வேலைக்குப் போக ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். நோயாளியின் நிலையை இன்னொரு மருத்துவருக்கு விளக்கிக் கடிதம் எழுதுவது அதில் ஒரு பகுதி. முதல் தடவை அதில்தான் தோற்றேன். பயிற்சி மையத்து ஆசிரியை என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தையில முடியறதுக்கு மூணு வரி எழுதுறீங்க" என்றார். ‘ஏபிள்’ என்று முடியும் நாற்பது சொற்களை அச்சடித்துத் தந்தார். ஸ்டேபிள் என்றால் நிலை மோசமாகவில்லை. ட்ரீட்டபிள் என்றால் சிகிச்சைக்குக் கட்டுப்படும். இரிட்டபிள் என்றால் எதற்கெடுத்தாலும் சிணுங்கல், எரிச்சல். இன்கன்சோலபிள் என்றால் என்ன செய்தும் தேற்ற முடியவில்லை. தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, சோறு வடிக்கும்போதும் துணி மடக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் வேலை பார்க்கிறார். பயிற்சிக்கு பைக்கில் கொண்டுவிடும்போது ஒப்பிக்கச் சொல்வார்.

"முப்பத்தெட்டுதான் ஆச்சு. மிச்சம் ரெண்டையும் சொல்லிட்டு எறங்கு. இல்லேன்னா வண்டிய திருப்பிருவேன்."

"நீங்க ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

"எனக்குத் தெரிஞ்சது ஒரே ஏபிள்தான். டைனிங் டேபிள்."

மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. தாய்ப்பாலை மறக்கவில்லை. போகிற நேரத்தில் நிறுத்தினால் பிள்ளை தாங்காது, இப்போதே நிறுத்திவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும் என்று எத்தனையோ தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. மாமியார் அரைத்துத் தந்த வேப்பிலையை மார்பில் பூசிக்கொண்டேன்.

மதியம் தூக்கம் வந்ததும் மடியில் ஏறினாள். ஒரு வாய் வைத்துத் துப்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அதைச் சரிசெய்வேன் என்று நினைத்திருப்பாள். மறுபடியும் வாய் வைத்தாள். பிறகு தொடங்கிய அழுகை நிற்கவே இல்லை. கிண்ணத்தில் கொடுத்த பசும்பாலைத் தட்டிவிட்டாள். தரையில் உருண்டாள். நான் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றேன். இரிட்டபிள். இன்கன்சோலபிள். தாளைப் பார்க்காமலே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான். கடிதத்தின் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தேன்.

கொல்லையிலிருந்து மாமியார் ஓடிவந்தார்.

"ஏட்டி, பிள்ள தொண்ட கிழியக் கத்துதா. நீ என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே?"

"படிச்சிட்டிருந்தேன் மாமி."

"நல்ல படிப்பு! வா மக்கா, நாம போவம். அவ பாஸாவட்டும்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முதல் மகள் அவரிடம்தான் தூங்குகிறாள்.

தேர்வில் தேறினேன். கடிதப் பகுதியில் நல்ல மதிப்பெண். விசாவும் வந்துவிட்டது. மகள் என்னோடு விளையாடுவாள், சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். வலித்தால் மட்டும் என்னைத் தாண்டி மாமியாரிடம் ஓடுகிறாள். போன வாரம் வாசற்படியில் நெற்றி இடித்து ரத்தம் வந்தது. பக்கத்தில் நின்றது நான்தான். இரண்டு கையையும் நீட்டினேன். கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். மருந்து போடுவதற்கும் மாமியார்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இது நல்லதுதானே? நீ போன பொறவு தேடமாட்டா" என்கிறார் கணவர். "ஒரு வருசத்துல நாங்களும் அங்க வந்திருவோம்லா."

அவர் சொல்வது சரி என்று காலையில் தோன்றுகிறது. மதியம் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாமியார் அறைக்குப் போகும்போது எல்லாம் தப்பு என்று தோன்றுகிறது. போகாமல் இருந்தால் மட்டும் திரும்பி வருவாளா? போய்விட்டால் வராமலே இருந்துவிடுவாளா? இத்தனை பேர் எனக்காகப் பாடுபட்ட பிறகு, போகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? பெட்டி வாங்கியாயிற்று. இன்னும் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாடு போன நர்ஸுகள் நிறைய உண்டு. கேட்டால், "எல்லாம் செரியாயிரும்" என்கிறார்கள். அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். எனக்கு ஆறுதல் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். நீங்கள் திரும்பி வந்தபோது பிள்ளை உங்களிடம் வந்ததா? எத்தனை நாள் ஆனது? என்ன செய்தீர்கள்? போகாமல் இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள். அடுத்த மாதக் கடைசியில் பயணம். அதற்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.