மைக்கில் சொன்னது

ஏரல் பக்கம் எங்கள் அம்மன் கோவிலில் கொடைத் திருவிழா முடியும் நாளன்று மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள் மேல் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம், வேப்பங்குழையால் அடிக்கலாம். அவர்களும் விரட்டிப் பிடித்து முகத்தில் மஞ்சள் பூசுவார்கள். இரண்டு வருடம் முன்பு வரை எனக்கும் அது பிடித்த நாள்தான்.

அந்த வருடம் மஞ்சள் பூச வந்த அத்தான், என் அக்காவின் கணவர், பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து அழுத்தினார். விடச் சொன்னேன். கை மேலே ஏறியது. திரும்பி ஓங்கி ஓர் அறை விட்டேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இன்னொன்று விட்டேன். விசில் அடித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது. அடித்தாலும் விளையாட்டு, கத்தினாலும் விளையாட்டு என்றால் வேண்டாம் என்று எப்படித்தான் சொல்வது?

வில்லுப்பாட்டுக்காரர் காப்பி குடிக்கப் போயிருந்தார். மைக் சும்மா கிடந்தது. ஈரச் சேலையோடு மேடையேறினேன்.

"அத்தான் என்னத் தொட்டது விளையாட்டு இல்ல. நான் அடிச்சதும் விளையாட்டு இல்ல."

மேளம் நின்றுவிட்டது.

"ஏட்டி, கொழுந்தியாகிட்ட விளையாடாம வேற யாருகிட்ட விளையாடுவாரு? ஊர் முன்னால மானத்த வாங்கிட்டியே" என்றாள் அம்மா. போனது அவர் மானமாம்.

காவல் நிலையத்திலும் அதே பாட்டுதான். "சொந்தத்துக்குள்ள நடந்தது. பேசித் தீத்துக்கிடலாம்லா?" என்றார் உதவி ஆய்வாளர்.

"சொந்தக்காரர்னா சட்டத்துல விலக்கு இருக்கா சார்?"

புகாரை வாங்கும்வரை நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு அக்கா வந்தாள். "வழக்க வாபஸ் வாங்கிரு. ரெண்டு பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்?" என்று அழுதாள். நானும் அழுதேன். முடியாது என்றேன். அன்றோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தான் மடிப்புக் கலையாத வேட்டியில் வருகிறார். நானும் போகிறேன்.

இந்த வருடக் கொடைக்கு என்னை வரவேண்டாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். அம்மன் எனக்கும் அம்மன்தான். போனேன். மஞ்சள் நீராட்டில் யாரும் என் பக்கம் வரவில்லை. எதிரே நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது அவள் கொழுந்தன், அத்தானின் தம்பி, மஞ்சள் கையோடு சிரித்துக்கொண்டே அவளை நெருங்கினான்.

"தொடாதலே" என்றாள் அக்கா. "இது விளையாட்டு இல்ல."

மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அவன் கையைக் கீழே போட்டான்.

அக்கா அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை. அடுத்த வாய்தாவுக்கும் போவேன்.